இந்துப்பு வரும் மலை

நீலசந்திராவிலோ ஆஸ்டின் டவுன் பக்கமோ ஒரு நாட்டு மருந்துக் கடையில் ஏறி "இந்துப்பு நூறு கிராம்" என்று கேட்டுப் பாருங்கள். சுக்கு, திப்பிலி டப்பாக்களுக்கு நடுவிலிருந்து ஒரு டப்பாவை இறக்கி, இளஞ்சிவப்புக் கற்களை அள்ளித் தராசில் போடுவார் கடைக்காரர். அஜீரணத்துக்குப் பாட்டி கொடுத்த மருந்து என்றுதான் நம்மில் பலருக்கு இது பழக்கம். அந்தக் கல்லை யாரும் உப்பளத்தில் வாரவில்லை, மலையைக் குடைந்து வெடி வைத்து உடைத்து எடுத்தார்கள் என்றால் சிலர் நம்பவே மாட்டார்கள்.

உப்பிலே மலையா என்று கேட்கலாம். உண்டு. அப்படிப்பட்ட மலைகளில் மிகப் பெயர் பெற்றது சிந்து நதியின் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் வடமொழியில் இதற்கு சைந்தவம் என்று பேர் வந்தது. சிந்து நாட்டு உப்பு நம் வாயில் இந்துப்பு ஆயிற்று. கன்னடத்துக்காரர் சைந்தவ லவணம் என்பார். சாதாரண உப்புக்கு அவர்களுக்கும் நமக்கும் பேர் ஒன்றுதான். இந்த ஊருக்கு வந்த முதல் நாளே தமிழர் யாரும் மொழி தெரியாமல் திண்டாடாமல் வாங்கிய சாமான் உப்பாகத்தான் இருக்கும்.

வாங்கி வந்த கல்லை ஒரு துணியில் சுற்றிச் சுத்தியலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். கருங்கல்லைப் போலக் கண்டபடி சிதறாது. சின்னச் சின்னக் கனசதுரமாக, படிக்கட்டு வெட்டினாற்போல் நேர் கோணத்தில் பிளக்கும். உப்பின் அணுக்கள் அப்படி வரிசை கட்டி நிற்கின்றன. சிவப்பு நிறம் உப்பினுடையது அல்ல. அதில் கலந்திருக்கும் கொஞ்சம் இரும்புத் துருதான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது. சுத்தமான கல்லுப்பு கண்ணாடி போல் இருக்கும், வெளிச்சம் ஊடுருவும்.

லால்பாக் பாறையில் ஏன் இல்லை?

லால்பாக் தோட்டத்தில் கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் பாறையில் ஏறாதவர் நம்மில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்தப் பாறைக்கு வயது சுமார் 300 கோடி ஆண்டு. தேசிய புவியியல் நினைவுச் சின்னம் என்று அங்கே பலகையே வைத்திருக்கிறார்கள். நீலசந்திராவில் கிணறு தோண்டினாலும் போர் போட்டாலும் அடியில் தட்டுப்படுவது இதே குடும்பத்துப் பாறைதான். பூமியின் ஆழத்தில் நெருப்பாய்க் காய்ந்து, நசுங்கி, இறுகிய பாறை அது. அதில் உப்புத் தேடுவது வீண் வேலை. உப்பு மலை வேண்டுமானால் முதலில் ஒரு கடல் வேண்டும். அந்தக் கடல் வற்ற வேண்டும். வற்றிய பிறகு மண் வந்து அதை மூட வேண்டும். இல்லையென்றால் அடுத்த மழையே கரைத்துவிடும்.

கடல் வற்றுவது எப்படி என்பதைத் தூத்துக்குடி, வேதாரண்யம், மரக்காணம் பக்கத்திலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அளத்தில் முதல் பாத்திகளில் தண்ணீரை வெயிலில் விட்டு வைப்பார்கள். தண்ணீர் கெட்டியாகக் கெட்டியாக முதலில் சுண்ணாம்புச் சத்து இறங்கும். அடுத்து ஜிப்சம் படியும். அதைத் தாண்டிய தண்ணீரைத்தான் உப்புப் பாத்திக்குத் திறந்துவிடுவார்கள். உப்பை வாரிய பிறகு மிஞ்சுகிற கசப்புத் தண்ணீரை வெளியே விட்டுவிடுவார்கள். விடாமல் வைத்திருந்தால் மக்னீசியம், பொட்டாசியம் உப்புகளும் சேர்ந்து படிந்து சரக்கு கசந்துபோகும்.

இயற்கையும் இதே வரிசையில்தான் வேலை செய்தது. உலகத்தில் எங்கே உப்பு மலையைத் தோண்டினாலும் ஜிப்சம் அதை ஒட்டியே கிடக்கும்.

ஒரு கணக்கு மட்டும் இடிக்கும். கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்குதான் உப்புச் சத்து. ஆயிரம் மீட்டர் ஆழமுள்ள கடல் சொட்டு மிச்சமில்லாமல் வற்றினாலும் அடியில் சுமார் 13 மீட்டர் உப்புதான் தங்கும். பஞ்சாப் உப்பு மலையில் கேவ்ரா என்ற இடத்தில் மட்டும் ஏழு பெரிய அடுக்குகள், மொத்தம் சுமார் 150 மீட்டர் கனம் என்று அளந்திருக்கிறார்கள். ஒரே தடவையில் வற்றி இவ்வளவு தேறவேண்டுமானால் அந்தக் கடல் 11 கிலோமீட்டருக்கு மேல் ஆழமாக இருந்திருக்க வேண்டும். எவரெஸ்டை உள்ளே வைத்தாலும் உச்சி தெரியாது! அப்படிப்பட்ட கடல் இருக்கவில்லை. நடந்தது என்னவென்றால், ஆழமில்லாத ஒரு கடல், வாய் குறுகிய கடல், வெயிலில் வற்ற வற்ற வெளிக் கடலிலிருந்து புதுத் தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருந்தது. அளத்துக்காரர் பாத்திக்கு மடை திறந்துவிடுவது போலத்தான். பாத்தியின் அளவுதான் வேறு. இந்தியாவின் வடமேற்கு, ஈரான், ஓமன் ஆகியவை அன்று அருகருகே கிடந்த நிலங்கள். அவற்றின் மேல் பரவிக்கிடந்த அளம் அது.

காலம், ஏறக்குறைய 54 கோடி ஆண்டுகளுக்கு முன். அன்றைக்குப் பூமியில் மரம் இல்லை, புல் இல்லை, மீன்கூட இன்னும் உண்டாகவில்லை.

சோப்பு நுரை மேல் நகர்ந்த மலை

பிறகு அந்த உப்பின் மேல் மணல், களிமண், சுண்ணாம்பு எல்லாம் அடுக்கடுக்காகப் படிந்து மூடின. கோடிக்கணக்கான ஆண்டுகள் அது பூமிக்குள்ளேயே கிடந்தது. அதை மேலே கொண்டுவந்தது இமயமலையை எழுப்பிய அதே மோதல். தெற்கிலிருந்து நகர்ந்து சென்ற இந்திய நிலப்பரப்பு ஆசியாவோடு இடித்தது. பாறைகள் மடிந்தன, முறிந்தன, ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

இங்கேதான் உப்பு ஒரு விசித்திரம் செய்தது. பாறைகளில் உப்பு மிருதுவானது. கனத்தின் கீழே நெடுங்காலம் கிடந்தால் உடையாமல் மாவு போல் இளகி நகரும். கல்லே ஆனாலும் அதன் நடத்தை பிசைந்த மாவுடையதுதான். சோப்புத் தண்ணீர் கொட்டிய தரையில் பெரிய அண்டாவைத் தள்ளியவர்களுக்குத் தெரியும், சும்மா தரையில் அசையாதது நுரை மேல் சறுக்கிக்கொண்டு போகும். உப்புப் படுகை அப்படி ஒரு நுரையாய் அடியில் இருந்ததால் வடக்கேயுள்ள போட்டோகர் மேட்டு நிலம் முழுவதும் அதன் மேல் 20 கிலோமீட்டருக்குக் குறையாமல் தெற்கே சறுக்கி வந்திருக்கிறது. அந்தச் சறுக்கலின் முன் விளிம்புதான் இன்று உப்பு மலைத்தொடர் என்ற பெயரோடு நிற்கிறது. மேலே வந்தபோது அடியில் கிடந்த உப்பையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டது.

ராஜஸ்தானத்தில் பிக்கானேர், நாகௌர் பக்கம் மணலுக்கு அடியில், பல நூறு மீட்டர் ஆழத்தில், இதே காலத்து உப்பு விரிந்து கிடக்கிறது. 1970களில் பொட்டாஷ் உரத்துக்காகத் துளை போட்டுப் பார்த்தபோது தெரிந்தது. அங்கே இடிக்க ஆளில்லை, ஆகையால் மலையும் இல்லை. படுத்த படுக்கையாகவே இருக்கிறது.

இந்த மலைத்தொடர் இப்போது பாகிஸ்தானில், ஜீலம் நதிக்கும் சிந்து நதிக்கும் நடுவே இருக்கிறது. மலை என்றதும் பனி மூடிய சிகரம் போல் வெள்ளை வெளேரென்று உப்பு மின்னும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். தூரத்தில் இருந்து பார்த்தால் வறண்ட, முள் மரம் முளைத்த, சிவந்த குன்றுகள். மிக உயர்ந்த சிகரமான சகேசரே 1,522 மீட்டர்தான். நம் ஏற்காட்டை விட அதிகமில்லை. பக்கத்தில் போகப் போகத்தான் விஷயம் புரியும். கணவாயின் அடியில் செங்காவி நிறத்தில் களி. அதன் ஊடே வெள்ளைப் பட்டைகளாக ஜிப்சம். அதற்கு மேலே ஊதா கலந்த மணற்கல். இன்னும் மேலே சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை. சேலைக் கடையில் மடித்து அடுக்கினாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். ஓடைகளில் தண்ணீர் ஓடும், வாயில் வைக்க முடியாது. ஓடை வற்றினால் கரையெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். உலகத்து நிலவியல்காரர்கள் இந்த மலையைத் திறந்த வெளி அருங்காட்சியகம் என்று சொல்வது வீண் புகழ்ச்சி அல்ல.

மேற்குக் கோடியில் காலாபாக் என்ற இடத்தில் சிந்து நதி மலையை அறுத்துக்கொண்டு சமவெளிக்கு இறங்குகிறது. அங்கே உப்பு ஆற்றங்கரை வரைக்கும் வந்து முகம் காட்டுகிறது. நடுவில் கல்லர் கஹார், உச்சாலி என்று உவர் ஏரிகள். கட்டாஸ் ராஜ் என்ற பழைய சிவன் கோவிலும் இதே மலையில்தான். சதிதேவி மறைந்த துக்கத்தில் சிவபெருமான் சிந்திய கண்ணீரில் ஒரு துளி இங்கே குளமாயிற்று, இன்னொரு துளி ராஜஸ்தானத்துப் புஷ்கரத்தில் விழுந்தது என்று ஐதிகம். கண்ணீரும் உப்புத்தானே என்று சொல்லத் தோன்றுகிறது. இந்த மலையிலுள்ள நந்தனா கோட்டையில் நின்றுகொண்டுதான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அல்பிரூனி என்ற அறிஞர், மலையின் உயரத்தையும் தொடுவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் வைத்துப் பூமியின் அளவைக் கணக்குப் போட்டார்.

கேவ்ரா சுரங்கத்தின் கதையை அங்கே அலெக்சாந்தரிலிருந்து தொடங்குவார்கள். கி.மு. 326-ல் ஜீலம் கரையில் போரஸ் மன்னனோடு சண்டைக்கு வந்தபோது அவன் படைக் குதிரைகள் பாறைகளை நக்கினவாம், அதனால் உப்பு வெளிப்பட்டதாம். இது செவிவழிக் கதை. எழுத்தில் கிடைப்பது அக்பர் காலத்து அயினி அக்பரியில். இந்த உப்புக் கல்லைக் கடைந்து தட்டும் விளக்கும் செய்வதை அதில் எழுதியிருக்கிறார்கள். இப்போது பிரிகேட் ரோடு கடைகளில் உப்பு விளக்கு என்று ஆயிரக்கணக்கில் விலை சொல்லுகிறார்களே, அது நானூறு வருஷத்துப் பழைய சரக்கு.

1849-ல் பஞ்சாப் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1872-ல் வார்த் என்ற சுரங்கப் பொறியாளர் மலையின் அடிவாரத்திலிருந்து நேராக உள்ளே ஒரு பெரிய குகைப்பாதை வெட்டினார். இன்றைக்கும் அதுதான் வாசல். உள்ளே பல அடுக்கு. பாதைகளை நீட்டிப் பிடித்தால் சுமார் 40 கிலோமீட்டர். பாதி உப்பை எடுப்பார்கள், பாதியைத் தூணாக விட்டுவிடுவார்கள், இல்லையென்றால் மலை தலையில் இறங்கிவிடும். வெளியே பஞ்சாப் வெயில் கொளுத்தும்போது உள்ளே 18, 20 டிகிரிதான். குடைந்த அறைகளில் தேங்கிய உப்புக் குளங்கள் அசையாமல் கண்ணாடி போல் கிடக்கும். சிவப்பு, ரோஜா, வெள்ளை என்று பல நிற உப்புச் செங்கல்லை அடுக்கி ஒரு சின்னப் பள்ளிவாசல் கட்டியிருக்கிறார்கள். செங்கல்லுக்குப் பின்னால் விளக்குப் போட்டால் சுவரே ஒளிரும். ஒரு தபால் ஆபீசும் உப்பிலேயே. ஆஸ்துமாக்காரர்களுக்கென்று 2007-ல் ஒரு வைத்தியசாலையும் உள்ளே திறந்தார்கள்.

சஹானி கேட்ட கேள்வி

இந்த உப்புக்கு 54 கோடி வயது என்று மேலே சுலபமாக எழுதிவிட்டேன். இதைத் தீர்மானிக்க நடந்த வழக்கு இந்திய விஞ்ஞானச் சரித்திரத்தில் சுவையானது.

லக்னோவில் பீர்பல் சஹானி என்ற பெரிய தாவர ஆராய்ச்சியாளர் இருந்தார். புதைந்துபோன பழந்தாவரங்களைப் படிப்பதில் உலகப் புகழ் பெற்றவர். அவர் பேரில்தான் இன்றும் லக்னோவில் நிலையம் இருக்கிறது. அவர் உப்பு மலைச் சரக்கை எடுத்துக் கரைத்து, வடிகட்டி, மிஞ்சிய தூசியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். மரத்துணுக்கு இருந்தது. செடியின் திசுக்கள் இருந்தன. பூச்சியின் துண்டுகூட இருந்தது.

54 கோடி ஆண்டுக்கு முன் மரமும் இல்லை, பூச்சியும் இல்லை. அப்படியானால் இந்த உப்புக்கு அவ்வளவு வயது இருக்க முடியாது, சுமார் 5 கோடி ஆண்டுதான் இருக்கும் என்றார் சஹானி. அதன் மேல் மிகப் பழைய பாறை உட்கார்ந்திருக்கிறதே என்றால், இமயம் எழுந்த இடிபாட்டில் பழைய பாறை புதிய உப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான் என்றார். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது.

எதிர்த் தரப்பில் நின்றவர் புவியியல் ஆய்வுத் துறையின் கீ. இந்த மலையைக் கால்நடையாய் அளந்து அங்குலம் அங்குலமாகப் படம் வரைந்தவர். அவரும் முதலில் உப்பு இளையது என்று எண்ணியவர்தான். மலையில் பல இடங்களில் பார்த்த பிறகு கருத்தை மாற்றிக்கொண்டார். உப்பும் மேலே இருக்கும் ஊதா மணற்கல்லும் ஒழுங்காக, வரிசையாகப் படிந்திருக்கின்றன, ஏறி உட்கார்ந்த அடையாளம் அங்கே இல்லை என்று சொன்னார். மரத்துணுக்கு எப்படி வந்தது? உப்பு கரையும், மறுபடியும் உறையும், நீரோடு எதை வேண்டுமானாலும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது அந்தத் தரப்பின் பதில். 1944-லும் 1945-லும் இதற்கென்றே விஞ்ஞானிகள் கூடி விவாதித்தார்கள். உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம்! ஒரு பிடி உப்பின் வயதுக்காக இரண்டு கட்சி கட்டிக்கொண்டு சண்டை.

தீர்ப்பு பின்னால் வந்தது. ஈரானிலும் ஓமனிலும் ராஜஸ்தானத்திலும் அதே காலத்து உப்பு கண்டெடுக்கப்பட்டது. ஜிப்சத்தில் இருக்கும் கந்தக அணுக்களின் விகிதமும் அந்தப் பழைய கடலையே காட்டியது. கீ சொன்னதே நின்றது. ஆனாலும் சஹானியைக் குறைத்துப் பேச முடியாது. சிந்து நதியைத் தாண்டி மேற்கே கோஹாட் பக்கத்தில், பகதூர் கேல் என்ற இடத்தில் ஒரு உப்பு இருக்கிறது. அதற்கு அவர் சொன்ன வயதேதான், சுமார் 5 கோடி ஆண்டு. ஒரே நதியின் இரண்டு பக்கத்திலும் உப்பு. ஆனால் கொள்ளுப் பாட்டிக்கும் பேத்திக்கும் உள்ளதைவிடத் தூரமான உறவு!

வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம்மவர்கள் ஹார்முஸ் ஜலசந்தி என்ற பேரைக் கேட்டிருப்பார்கள். அந்த ஹார்முஸ் தீவே ஒரு உப்பு மேடு. பஞ்சாப் உப்போடு ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்தது. அங்கே உப்பு வந்த வழி வேறு. சுற்றியுள்ள பாறைகள் புதையப் புதையக் கனத்துப்போகும். உப்பு கனக்காது. ஆகவே தண்ணீருக்குள் அழுத்திய பந்து மேலே வருவது போல், மேலே கிடந்த பாறையைத் துளைத்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. தெற்கு ஈரானில் சில இடங்களில் அது மலை உச்சியில் வழிந்து, பள்ளத்தாக்கில் இறங்கி, பனியாறு போலவே ஓடுகிறது. உப்பாறு! நாளைக்கு மயிரிழை அளவுதான். ஆனால் மழை நனைத்தால் வேகம் பிடிக்கிறது என்பதை நேரில் அளந்து 1980-ல் எழுதினார்கள். எதிர்க் கரையில் நிற்கும் நம்மவர் கண்ணுக்குத் தெரியாத தூரம்தான், இருந்தாலும் அவ்வளவு பக்கத்தில் இப்படி ஒரு அதிசயம்.

சாக்கடலின் கரையில் சோதோம் மலையும் உப்புதான். அதன் உச்சியே கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்து உப்புத்தூணான கதையை ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் கேட்டவர்கள் உண்டு. அங்கே வழிகாட்டிகள் காட்டும் தூண் அந்த மலையில் மழை செதுக்கிய ஒரு பிளவு. உள்ளே மழைநீர் அரித்த குகை ஒன்று 10 கிலோமீட்டர் நீளம் என்று 2019-ல் அளந்தார்கள். உலகத்து உப்புக் குகைகளில் அதுவே நீளமானது.

எஞ்சியது மண்டி

ஆங்கிலேயர் காலத்தில் உப்பு என்றால் வரி. வரி கட்டாத உப்பு உள்ளே வராமல் தடுக்க சிந்து நதிப் பக்கத்திலிருந்து ஒரிசா வரை இரண்டாயிரம் மைலுக்கும் மேல் காவல் கோடு போட்டு, பல இடங்களில் முள்செடியே வேலியாக வளர்த்து, ஆயிரக்கணக்கான ஆட்களை நிறுத்தியிருந்தார்கள். 1879-ல்தான் அதைக் கைவிட்டார்கள். வரி போகவில்லை. 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தது அதற்காகத்தான்.

1947-ல் கோடு கிழித்தபோது கேவ்ரா, வார்ச்சா, காலாபாக் மூன்று சுரங்கமும் அந்தப் பக்கம் போயின. இந்தியாவுக்கு மிஞ்சிய உப்பு மலை ஒன்றே ஒன்று, இமாசலப் பிரதேசத்து மண்டி ஜில்லாவில் திரங், கும்மா என்ற இரண்டு ஊர்கள். மண்டி ராஜாக்களின் கஜானாவை நிரப்பிய உப்பு அது. பஞ்சாப் கல்லைப் போல அழகில்லை. களியும் மண்ணும் கலந்து கறுத்த சிவப்பாக இருக்கும். இடையர்கள் ஆட்டுக்கும் மாட்டுக்கும் நக்கக் கொடுப்பதற்கே அதிகம் வாங்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது மத்திய சர்க்காரின் ஹிந்துஸ்தான் சால்ட்ஸ் கம்பெனி வசம் வந்தது. வேலை தொடர்ந்து நடந்தது என்று சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் நின்றும் போயிருக்கிறது.

ஆகவே நம் கடைக்கு வந்த சிவப்புக் கல் பெரும்பாலும் எல்லை தாண்டி வந்ததே. 2019-ல் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு பாகிஸ்தான் சாமான்களுக்கு 200 சதவீத சுங்கம் போட்டார்கள். 2025 மே மாதம், பகல்காம் தாக்குதலுக்குப் பிறகு, அங்கிருந்து எதையும் இறக்குமதி செய்யக்கூடாது என்று மத்திய அரசு அடியோடு தடுத்துவிட்டது. இந்துப்பு விலை ஏறியதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

விலை ஏறினாலும் சிலர் வீட்டுச் சமையல் உப்பை நிறுத்திவிட்டு இந்தக் கல்லையே பொடித்துப் போடுகிறார்கள். "மலை உப்பு, கெடுதல் இல்லை, ரத்தக் கொதிப்புக்கு நல்லது" என்று யாரோ சொன்னார்களாம். மண்டிக்குப் பக்கத்து ஜில்லா காங்க்ரா. அங்கே நடந்ததை இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

காங்க்ரா பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளிடையேகூடக் கழுத்துக் கழலை சர்வ சாதாரணமாக இருந்தது. மலை மண்ணில் அயோடின் சத்து இல்லை, மழை கழுவிக்கொண்டு போய்விடுகிறது. கல்லுப்பிலும் இல்லை. கடல் வற்றும்போது உப்பு உறைந்து படியும், அயோடின் அந்தக் கசப்புத் தண்ணீரோடு தங்கிவிடும். நம் கடல் உப்பிலும் இயற்கையாக இருப்பது மிகச் சொற்பமே. 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவருடன் வேலை செய்தவர்களும் அந்தப் பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் கலந்த உப்பு, ஒன்றுக்குச் சாதாரண உப்பு. ஆறு ஆண்டுகளில் அயோடின் உப்பு போன இடத்தில் பிள்ளைகளின் கழலை பாதியளவுக்குக் குறைந்தது. மற்ற இடத்தில் இருந்தபடியே இருந்தது. பிறகு 1962-ல் தேசிய அளவில் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது இந்த அனுபவத்தின் பலனே. இந்தச் சத்துக் குறைவு கழுத்தோடு நிற்பதில்லை. கர்ப்பிணிக்குக் குறைந்தால் வயிற்றிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ரத்தக் கொதிப்பு விஷயமும் அப்படித்தான். கொதிப்பை ஏற்றுவது சோடியம். இந்துப்பில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் சோடியம் குளோரைடுதான், அதாவது நம் அடுப்படி உப்பேதான். டாக்டர் உப்பைக் குறை என்றால் இதையும் சேர்த்துத்தான் குறைக்க வேண்டும். அஜீரணத்துக்கு ஒரு சிட்டிகை என்று பாட்டி கொடுத்தாள், குழம்புக்குக் கொட்டவில்லை. விரத நாளில் இந்துப்பில் சமைக்கிற வடநாட்டுக்காரர்கள்கூட மற்ற நாட்களில் அயோடின் உப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

உப்பு மலையைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுபவர்களுக்குக் கேவ்ரா இப்போதைக்கு எட்டாது. மண்டி எட்டும். டில்லியிலிருந்தோ சண்டிகரிலிருந்தோ மணாலி போகிற பஸ் மண்டியைத் தொட்டுத்தான் போகும். அங்கே இறங்கிப் பதான்கோட் சாலையில் திரும்பினால் சிறிது நேரத்தில் திரங் வந்துவிடும். மணாலிக்குப் போகிறவர்களில் யாரும் அங்கே இறங்குவதில்லை. மலைச்சரிவில் கறுத்த சிவப்பு மண், அதில் சுரங்கத்தின் வாய், பக்கத்து வீடுகளின் மாட்டுக் கொட்டிலில் மாடு நக்கி நக்கி வழவழவென்று தேய்ந்த ஒரு கல். அதை உள்ளூரில் உப்பு என்றுதான் சொல்கிறார்கள், கல் என்று யாரும் சொல்வதில்லை.